டிசம்பர் 6, மாலை ஆறு மணி

கேள்வி: வெளிநாட்டில் வாழும்போது அந்த நாட்டின் சுதந்திர தினத்தை நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

உண்டு. பின்லாந்தில், ஹெல்சிங்கிக்குக் குடிவந்த முதல் வருடம், 2022 டிசம்பர் 6. ரஷ்யப் பேரரசிடமிருந்து 1917-இல் அவர்கள் விடுதலையை அறிவித்த நாள் அது.

எனக்குச் சுதந்திர தினம் என்றால் இஸ்திரி போட்ட சீருடை, கொடி அவிழும்போது உதிரும் பூ, ஒலிபெருக்கியில் பாட்டு, கையில் ஒட்டும் ஆரஞ்சு மிட்டாய். அந்த நினைப்போடு காலையில் கீழே இறங்கினேன். அடுக்ககத்துக் கம்பத்தில் நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி பறந்தது. மற்றபடி தெருவில் ஆள் அரவமே இல்லை. துக்க வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

எதிர்வீட்டுப் பாட்டி முந்தின நாளே சொல்லியிருந்தார்: "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வை."

அந்த வருடம் திருக்கார்த்திகையும் அதே நாளில் வந்திருந்தது. திருவண்ணாமலையில் மாலை ஆறு மணிக்கு மகாதீபம் ஏற்றியபோது எங்களுக்கு மதியம் இரண்டரை. போனில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த அகல்களை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது. பாட்டி என்னையும் ஹியெத்தானியெமி கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். அங்கேதான் அந்த நாள் எனக்குப் பிடிபட்டது. போரில் இறந்தவர்களின் சமாதிகள் வரிசை வரிசையாக. அவற்றின்முன் எரியும் விளக்குகள். குழந்தைகளோடு வந்த குடும்பங்கள்கூடத் தாழ்ந்த குரலில்தான் பேசின. பாட்டி தன் பெரியப்பாவின் கல்லின்முன் குனிந்து பனியைக் கையால் தள்ளிவிட்டு விளக்கை வைத்தார். சோவியத் யூனியனோடு நடந்த 1939-40 குளிர்காலப் போரில் இறந்தவர். பாட்டி பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். போர்முனையில் விழுந்தவர்களை முடிந்தவரை அவரவர் ஊருக்கே கொண்டுவந்து புதைத்தார்கள், அதனால் இப்படியொரு இடம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு என்றார்.

பாட்டியின் அம்மா கரேலியாவிலிருந்து வந்தவராம். அந்தப் பகுதி சோவியத் பக்கம் போனபோது 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு, நிலம், மாடு கன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அன்று உக்ரைன் போர் தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நாங்கள் வெளியே வரும்போது வெள்ளைத் தொப்பி மாணவர்கள் தீப்பந்த ஊர்வலத்துக்குக் கூடிக்கொண்டிருந்தார்கள். 1951-இலிருந்து நடக்கிறதாம், இங்கிருந்து செனட் சதுக்கம்வரை போவார்கள்.

ஆறு மணிக்கு இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றினேன், பக்கத்தில் அகல்களையும். நிமிர்ந்து பார்த்தால் எதிர்க்கட்டடத்தில் ஒரு ஜன்னல், அடுத்து இன்னொன்று, அப்புறம் மேல்மாடி, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு சுடர். கார்த்திகைக்கு எங்கள் தெருவில் வீடு வீடாக விளக்கு வரிசை நீளுமே, அதே மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு மெழுகுவர்த்திக்கு ஒரு கதையும் சொல்கிறார்கள். ரஷ்ய ஆட்சியில் ரகசியமாக ராணுவப் பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போன இளைஞர்களுக்கு, 'இந்த வீட்டில் தங்கலாம்' என்று காட்டிய அடையாளமாம்.

இரவு பாட்டி வீட்டில் தொலைக்காட்சி. கொரோனாவால் இரண்டு வருடம் நின்றிருந்த அதிபர் மாளிகை விருந்து அன்று மறுபடி நடந்தது. அதிபர் நீனிஸ்தோ விருந்தினர் ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பதை மணிக்கணக்காகக் காட்டினார்கள். பழைய போர்வீரர்கள் வந்தபோது பாட்டி காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளம்பும்போது ஓர் அகலை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

2023-இல் கார்த்திகை நவம்பர் 26-க்கே வந்துவிட்டது. ஆனாலும் டிசம்பர் 6 அன்று மறுபடி ஏற்றினேன். பாட்டியின் ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்திக்கு நடுவே அந்த அகலும் எரிந்துகொண்டிருந்தது.