தூரத்தில் புதைந்த தங்கத்தைக் காட்டும் ஆண்டெனா கருவியை வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆண்டெனா தங்கத்தைக் கண்டு திரும்புவதில்லை. மணிக்கட்டு நமக்கே தெரியாமல் ஒரு நூல் சாய்ந்தாலும் போதும், சட்டென்று சுழன்றுவிடும். பிடித்திருப்பவர் நேர்மையானவராக இருந்தாலும் இப்படித்தான்.

ஒரே மாதிரியான 10 வாளிகளைக் கவிழ்த்து, சீட்டுக் குலுக்கி, ஒன்றின் கீழ் தங்க மோதிரத்தை வையுங்கள். வைத்தவர் அங்கே நிற்கவே கூடாது. அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். முதலில் விற்பவரிடம் இடத்தைச் சொல்லிவிட்டே தேடச் சொல்லுங்கள். கம்பி அழகாகத் திரும்பும். பிறகு சொல்லாமல் 10 முறை. குத்துமதிப்பாகவே ஒன்றிரண்டு சரியாக வரும், அதில் மயங்காதீர்கள்.

ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர் இதே மாதிரி சுழலும் ஆண்டெனாவை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக்குக்கு விற்றார். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை விட்டார்கள். 2013இல் அவருக்கு 10 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.