ரோட்டை அகலப்படுத்திட்டு மீடியன்ல (நடுத் திட்டுல) அரளியும் அலங்காரப் பாமும் வச்சிருக்காங்க. பாதி காயுது, நிழலும் இல்ல. யாருகிட்ட, என்னன்னு கேக்கது?

கேள்விய வச்சுப் பாத்தா நீங்க நாகர்கோவில், தக்கலை பக்கம்னு நெனைக்கேன். ரோட்டோரப் புளியையும் ஆலையும் வெட்டியாச்சு, நடுவுல அரளி, ஓரத்துல பேவர் பிளாக், மத்தியானம் பஸ்சுக்கு நிக்க ஒரு கீத்து நிழல் கெடையாது. ஊரு முழுக்க "செடி தேர்வு சரியில்ல"ன்னு திட்டுது. திட்டுங்க, தப்பில்ல. ஆனா செடியோட பேரச் சொல்லி மனு குடுத்தா வேற பேருள்ள செடி வரும், அதுவும் காயும். முதல்ல அது நிக்க மண்ணப் பாருங்க.

எஸ்டிமேட்டுல செடி கடைசி அயிட்டம். ஜி.எஸ்.பி., வெட்மிக்ஸ்னு தாருக்கு அடியில போடுத ஜல்லி அடுக்கு ரெண்டையும் பல இடத்துல முழு அகலத்துக்கும் ரோலர் போட்டு இறுக்கிட்டு, அதுக்கு மேல கெர்ப் கல்ல (ஓரக்கல்ல) நிறுத்தி, நடுப் பள்ளத்துல கையில கெடச்சத ரொப்புவாங்க. தார்க்கட்டி, உடைச்ச காங்கிரீட், பாறைப்பொடி, மேலாக்குல ஒரு சாண் செம்மண். 1.2 மீட்டர் மீடியன்ல ரெண்டு பக்கமும் கெர்ப்புக்கும் அதைத் தாங்குத காங்கிரீட்டுக்கும் 20 சென்டிமீட்டர் வீதம் போனா மிச்சம் 80. ஆழம் 40 சென்டிமீட்டர் இருந்தா அதிர்ஷ்டம். இதுல மரம் வைக்கது சருவத்துல தென்னம்பிள்ளை நட்ட கணக்கு.

சோதிக்கணும்னா காஞ்ச மூங்கில் குச்சியக் கூர்சீவி மழை பெஞ்ச மறுநாள் குத்துங்க. முழங்கால் ஆழம் இறங்கணும். ஒரு சாணுல நின்னா கீழ இருக்கது மண்ணு இல்ல. இரும்புக் கம்பி எடுத்துட்டுப் போயிராதீங்க, தெருவிளக்குக் கேபிள் பெரும்பாலும் மீடியனுக்குள்ளதான் ஓடும்.

இன்னொரு அடையாளம் இலையிலயே இருக்கு. கிழக்க இட்லிப்பூன்னு சொல்லுத தெத்திப்பூ, நம்ம வீட்டு முத்தத்துல கேக்காமலே பூக்கும். அதே செடி மீடியன்ல ஆறு மாசத்துல வெளுத்துரும். கொழுந்து இலையப் பறிச்சு வெயிலுக்கு நேர பிடிச்சுப் பாருங்க: நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். அது தண்ணிக் கொறவு இல்ல. நம்ம சரல் மண்ணு புளிப்புத் தன்மை, தெத்திக்கு அதுதான் வேணும். சிமென்ட் இடிபாடு கலந்தா மண்ணு காரமாயிரும், இரும்புச்சத்து மண்ணுல இருந்தும் வேருக்கு எட்டாது. யூரியா தூவினா சரியாகாது. அந்த மண்ண மாத்தணும், வேற வழி இல்ல.

அரளிக்கு வாரேன். இதுக்கு எனக்கு அடி விழும்னு தெரியும், இருந்தாலும் சொல்லுதேன்: மீடியனுக்கு அரளி மோசமான செடி இல்ல. மாடு ஆடு கடிக்காது (முழுச் செடியும் விஷம்), வறட்சி தாங்கும், எதிர்வண்டி லைட்ட மறைக்கும். தப்பு அத எங்க வைக்காங்க, எப்ப வெட்டுதாங்கங்கதுல. கவாத்து இல்லாம விட்டா ஆள் உயரத்துக்கு மேல போயிரும். ரோடு டிசைன்ல ஓட்டுநர் கண்ணு 1.2 மீட்டர் உயரத்துல இருக்குன்னு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்துல வார வண்டி பாத்துப் பிரேக் பிடிச்சு நிக்க 60 மீட்டர் வேணும்னு ரோட்டுக்குத் தர விதி போடுத ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) சொல்லுது. அப்போ மீடியன் திறப்புக்கும் ஜீப்ரா கோட்டுக்கும் முன்னால அந்த 60 மீட்டருக்கு இடுப்புக்குக் கீழ நிக்க செடிதான் இருக்கணும். பள்ளிக்கூட வாசல்ல அரளிக்குப் பொறத்த இருந்து ஒரு புள்ள எறங்குனா டிரைவருக்குத் தெரியது கடைசி வினாடியிலதான். மனுவுல இத எழுதுங்க. "அரளி வேண்டாம்"னு எழுதுனா அழகு பத்தின கருத்துன்னு ஒதுக்கிருவாங்க, பார்வைத் தூரம்னு எழுதுனா பதில் சொல்லியாகணும்.

பாம் மரத்துக்கு என்னால வக்காலத்து வாங்க முடியாது. நிழல் கெடையாது. ராயல் பாம் மட்டை ஒண்ணு பத்து கிலோவுக்கு மேல இருக்கும், அது ஸ்கூட்டர்ல போறவர் தலையில விழலாம். அதவிட, நம்ம பக்கம் ரோட்டத் தாண்டுனா தென்னந்தோப்பு. காண்டாமிருக வண்டு தென்னைய மட்டுமில்ல, பல பனை வகையையும் கொடையும். பராமரிக்காத அலங்காரப் பாம் அதுக்கு ஒரு இடைத்தங்கல். விவசாயிகள் சங்கம் இருந்தா இந்த ஒரு காரணத்துக்கே கூட வருவாங்க.

கோனோகார்ப்பஸ் நட்டிருந்தா வேல சுளுவு. வேரு பைப்புக்குள்ள போகும், மகரந்தம் மூச்சுக்கு ஆகாதுன்னு தமிழ்நாடு அரசே 2025 தொடக்கத்துல அத நடக் கூடாதுன்னு தடை போட்டாச்சு. போட்டோ எடுத்து அனுப்புனா போதும்.

ஓரத்துல மரம் கேக்கும்போது காத்த மறந்திராதீங்க. ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்துக்குக் காத்தாடி ஆலையே நிக்கிற நாடு இது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல எத்தன மரம் ரோட்டுல விழுந்துதுன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம். தூங்குமூஞ்சி, குல்மொஹர் ரெண்டும் சீக்கிரம் வளரும், சீக்கிரம் ஒடியும். புன்னை, புங்கம், பூவரசு, மகிழம் கேளுங்க. மகிழம் மெதுவாத்தான் வரும், பொறுக்கணும். ஈ.பி. லைனுக்குக் கீழன்னா நந்தியாவட்டை, செம்பருத்தி, பவழமல்லியோட நிறுத்திக்கிடுங்க. இல்லன்னா வருஷா வருஷம் நடு மண்டைய வெட்டிட்டுப் போவாங்க.

ஓர மரம் நடுத முறை: குழி நீளம், அகலம், ஆழம் மூணும் ஒரு மீட்டர். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒண்ணு, மக்கின தொழு உரம் ஒண்ணு, ரெண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு. நாத்து ஆறு எட்டு அடி உயரம். பிளாஸ்டிக் பைய முழுசா உரிக்கணும், சுத்திக் கெடக்க வேர வெட்டி விடணும். அவசரத்துல அடிய மட்டும் கீறிட்டு பையோடயே எறக்கிருவாங்க. அந்த மரம் மூணு வருஷம் நல்லாவே இருக்கும், நாலாவது ஆடிக் காத்துல மூட்டோட (அடியோட) சாயும். சந்தேகம்னா தண்டப் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க, மண்ணுக்கும் தண்டுக்கும் நடுவுல வெடிப்பு விட்டா வேரு பைக்குள்ளதான் கெடக்கு. முட்டுக்கம்பு கட்டுத கயிறு தென்னை நாரா இருக்கணும், எட்டு வடிவத்துல. கம்பி கட்டுனா பட்டைய அறுத்துரும்.

தண்ணிக் கணக்கையும் போட்டு வச்சுக்கிடுங்க. ஒரு கிலோமீட்டர் மீடியன்ல ரெண்டு வரிசை, 60 சென்டிமீட்டருக்கு ஒரு செடின்னா ஏறத்தாழ 3,300 செடி. ஒண்ணுக்கு 5 லிட்டர்னாலும் 16,500 லிட்டர், 6,000 லிட்டர் லாரி மூணு நடை. மாசி முதல் வைகாசி வரைக்கும் வாரம் ரெண்டு தடவ ஊத்தணும். கொரியன் புல்லுன்னா தினசரி ஒரு லாரி. இத யாரு ஊத்துவாங்கன்னு ஒப்பந்தத்துல இல்லன்னா அந்தச் செடி திறப்பு விழாவுக்கு மட்டும்தான்.

கேக்க வேண்டிய எடம்: முதல்ல ரோடு யாரோடதுன்னு பாருங்க, மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலையா. அந்த அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு), 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி; மத்திய அரசு அலுவலகம்னா ஸ்டாம்புக்குப் பதிலா போஸ்டல் ஆர்டர். "ஏன் காயுது"ன்னு கேக்காதீங்க, காரணம் தகவல் இல்லன்னு திருப்பிருவாங்க. ஆவணம் கேளுங்க: செடி அயிட்டத்துக்கான அளவுப் பட்டியல், குழி அளவு, மண் கலவை, பராமரிப்புக் காலம், செத்த செடிய மாத்துத நிபந்தனை, இதுவரைக்கும் பாஸான பில். 30 நாள்ல வரணும். மரம் வெட்டுனதுக்குத் தனியா கேளுங்க. 2021ல இருந்து கலெக்டர் தலைமையில மாவட்டப் பசுமைக் குழு இருக்கு, அனுமதி நகலும் ஈட்டுக்கு நட்ட எடமும் அங்க பதிவா இருக்கணும்.

மிச்சமிருக்க பழைய மரத்துக்கு மூடு வரைக்கும் பேவர் பிளாக் பாவியிருந்தா அதையும் சேத்துக்கிடுங்க. மரத்தச் சுத்தி ஒரு மீட்டர் காங்கிரீட் கூடாதுன்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ல டெல்லி விஷயத்துல சொன்னது, மனுவுல மேற்கோள் காட்டலாம்.

கேள்விக்கு வெளிய ஒண்ணு, கோவப்படாதீங்க. நிழல் கேக்க அதே தெருவுல காலையில இலையக் கூட்டி மரத்து மூட்டுல வச்சே கொளுத்துதாங்க. பட்டைக்குள்ள இருக்க உயிர்ப்படலம் ஒரு பக்கம் வெந்தா அந்தப் பக்கக் கொம்பு காயும், சுத்தி வெந்தா மரமே போச்சு. கடை போர்டு மறைக்குன்னு ராத்திரி ஆசிட் ஊத்துத ஆளுகளும் நம்மூர்லதான் இருக்காங்க. இதுக்கு எந்தக் காண்ட்ராக்டரயும் கை காட்ட முடியாது.

மனு குடுக்கது ஆவணிக்குள்ள இருக்கட்டும், திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல கையில ரசீது வாங்கிக்கிடுங்க. மண்ண மாத்தி, ஐப்பசி முதல் மழைக்கு நட்டா வேரு பிடிக்க முழுசா எட்டு மாசம் கெடைக்கும், ஆடிக் காத்துக்கு முன்னால.