வாசல் கொடியில் போடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். நாங்கள் பாபநாசம் பக்கம். இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு லாயத்தில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறான். அங்கே இருக்கிற ஒரு செவலைக் குதிரை என்றால் அவனுக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் அவனை ‘ஜட்கா’, ‘கொள்ளு’ என்று கூப்பிடுகிறார்கள். பஸ்ஸில் ஏறினால் நாக்கைச் சொடுக்கிக் குளம்புச் சத்தம் போடுகிறார்கள். அவனோடு கற்றுக்கொள்பவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம் என்பதால், ‘அது பொண்ணுங்க விளையாட்டுடா’ என்றும் கிண்டல். ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டு என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன்; அவன் சொல்வதில்லை. போன வாரம், ‘இனிமே போகலம்மா’ என்று சொல்லிவிட்டான். வீட்டில் நாங்கள் அவனுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. ஃபீஸ் கட்டுகிறோம். அவன் உடுப்பைக்கூட நானே தனியாகத் துவைத்துக் கொல்லைப்புறக் கொடியில் காயப்போடுகிறேன், குதிரை வாடைக்காக. வாசல் பக்கம் போட்டால் நாலு பேர் கேட்பார்கள். தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லட்டுமா? இல்லை, அவன் இஷ்டப்படி நிறுத்திவிடலாமா?

– ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் போதாமல் சுருக்கியிருக்கிறேன். நாலு பக்கத்திலும் நான் திரும்பத் திரும்பப் படித்தது, மூன்றாம் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைத்தான். கொல்லைப்புறக் கொடி.

உங்கள் வீட்டுக்காரரின் வேட்டி எந்தக் கொடியில் காய்கிறது? நடவு நாளில் சேற்றோடு வருகிற கைலி எங்கே காய்கிறது? அதில் வாடை இல்லையா? டெல்டாவில் வாழ்கிற நமக்குச் சேற்று வாடையும் மாட்டு வாடையும் ஒரு வாடையே இல்லை. மார்கழி மாதம் விடியுமுன் எழுந்து மாட்டுச் சாணியைக் கரைத்து வாசலில் தெளிக்கிறோம். அதையே உருண்டை பிடித்துப் பிள்ளையாராக்கிப் பூசணிப்பூ செருகிக் கோலத்தின் நடுவில் வைக்கிறோம். மாட்டுச் சாணிக்கு வாசலில் இடம் இருக்கிற ஊரில், குதிரை வாடை ஒட்டிய ஒரு சட்டைக்கு மட்டும் ஏன் கொல்லைப்புறம்?

வாடைக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே நாலு பேருக்காக என்றும் எழுதிவிட்டீர்கள். இரண்டாவதுதான் உண்மை. சோப்புப் போட்டுத் துவைத்த துணியில் என்ன வாடை மிச்சம் இருக்கும்?

உங்கள் பிள்ளைக்குக் கண் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே போய் அந்தத் துணியை எடுத்திருப்பான். வீட்டில் எல்லாருடைய துணியும் வாசலில் ஆட, தன்னுடைய ஒரு சட்டையும் ஒரு கால்சட்டையும் கிணற்றடிப் பக்கம் தனியாகத் தொங்குவதை இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறான். பஸ்ஸில் நாக்கைச் சொடுக்குகிறவர்கள் அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லித் தரவில்லை. தான் செய்வது ஒளிக்க வேண்டிய காரியம் என்பதை அவன் வீட்டிலேயே படித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான். ‘குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். உங்கள் பையனைக் குதிரை தள்ளவில்லை. குழியை மட்டும் வீட்டில் இருப்பவர்கள் பறித்து வைத்திருக்கிறீர்கள். சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இது எனக்குப் புதிய கடிதமும் இல்லை. பல வருடங்களுக்கு முன் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகன் தவில் கற்றுக்கொள்கிறான், மற்ற பையன்கள் ‘சாவு மோளம்’ என்று கேலி செய்கிறார்கள் என்று. அந்தக் கடிதத்திலும் ஒரு வரி இருந்தது: பஸ்ஸில் போகும்போது தவிலைப் பழைய போர்வையில் சுற்றித்தான் அனுப்புகிறேன் என்று. சமையல் கற்றுக்கொள்கிற பையன், கோலம் போடுகிற பையன், மாடு மேய்த்துக்கொண்டே படிக்கிற பையன், எல்லா வீட்டிலும் எங்கேயோ ஒரு போர்வை இருக்கிறது. உங்கள் வீட்டில் அது கொடியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? ‘ஜட்கா’ என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. குதிரை என்றதும் அந்தப் பையன்களுக்கு ராஜா ஞாபகம் வரவில்லை, வண்டிக்காரர் ஞாபகம் வருகிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாயவரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நிற்கும். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருப்பார்கள். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர், ‘பின்பாரம் ஆவுது, முன்னால தள்ளி உக்காருங்க’ என்பார். எங்கள் பாட்டி முனகிக்கொண்டே நகர்வார். பாரம் பின்னால் சாய்ந்தால் வண்டியின் ஏர்க்கால் மேலே தூக்கும், குதிரையின் வயிற்றுக்கடியில் போகிற வார் இறுகும். அது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காசை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, முதலில் குதிரைக்குத் தண்ணீர் கேட்பார். அது குடித்து முடித்த பிறகுதான் தனக்கு ஒரு செம்பு கேட்பார். எங்கள் பாட்டி அந்தச் செம்பை அவர் கையில் கொடுத்ததில்லை. திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அந்தத் திண்ணைச் செம்பும் உங்கள் கொல்லைப்புறக் கொடியும் ஒன்றுதான் அம்மா.

அதனால்தான் நீங்கள் சொல்லிக்கொடுத்த பதிலை அவன் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ‘ஜட்கா’ என்று கூப்பிடுகிறவனிடம் ‘இது ஒலிம்பிக் விளையாட்டு’ என்றால் என்ன அர்த்தம்? ‘நான் அந்தக் கீழான ஜட்காக்காரன் இல்லை, நான் வேறு’ என்று அர்த்தம். குதிரையை வாராவாரம் தேய்த்துக் குளிப்பாட்டுகிற ஒரு பையனால் அதைச் சொல்ல முடியாது. லாயத்தில் அவனுக்குச் சேணம் கட்டவும் லாடம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு வண்டிக்காரரின் மகனாகவோ பேரனாகவோகூட இருக்கலாம். ஜட்கா என்று கூப்பிட்டால், ‘ஆமா, ஏறிக்கோ, முன்னால தள்ளி உக்காரு’ என்று அவன் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் அவனுக்கு வர வேண்டுமானால், ஜட்கா ஓட்டுவது கேவலமில்லை என்று முதலில் உங்கள் வீடு நம்ப வேண்டும்.

‘பொண்ணுங்க விளையாட்டு’ என்கிற பேச்சுக்கு வருகிறேன். 1948 வரை ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது. பெரும்பாலும் ராணுவ அதிகாரிகளின் விளையாட்டாகவே அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கும் அங்கே இடமில்லை. 1948இல் டிரெஸ்ஸாஜ் பிரிவில், அதாவது குதிரையைச் சொன்னபடி அழகாக அடியெடுத்து வைக்கச் செய்கிற போட்டியில், தங்கம் வாங்கிய சுவீடன் அணியில் ஒருவர் அதிகாரி இல்லை, சார்ஜன்ட்தான் என்று தெரிந்ததும், அடுத்த வருடம் அந்த அணியின் பதக்கத்தையே பறித்துவிட்டார்கள். 1952இல் ஹெல்சிங்கியில்தான் முதன்முதலாகப் பெண்களை, அதுவும் டிரெஸ்ஸாஜ் பிரிவில் மட்டும், அனுமதித்தார்கள். அந்த முதல் தடவையிலேயே டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளி வாங்கினார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண். குதிரை மேல் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் உதவி வேண்டும். இன்றைக்கு ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் நேருக்கு நேர் மோதுகிற ஒலிம்பிக் விளையாட்டு இது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா டிரெஸ்ஸாஜ் அணிப் போட்டியில் தங்கம் வாங்கியதே, குதிரையேற்றத்தில் 41 வருடம் கழித்து வந்த தங்கம் அது. அணியில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா என்று இரண்டு பையன்கள். திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என்று இரண்டு பெண்கள்.

ஆனால் இதையும் அவனுக்கு மனப்பாடம் செய்துகொடுத்து அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகள் அதிகம் இருக்கிற இடத்தில் ஒரு பையன் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடுகிறது? அந்தப் பெண்கள் அவனைவிட நன்றாக ஓட்டினால் அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். நாளைக்கு ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போகிற பிள்ளை, பெண்ணிடம் கற்றுக்கொள்வதைக் கேவலம் என்று நினைத்து வளரக் கூடாது. இதை அவனுக்குச் சொல்ல வேண்டியது உங்களைவிட அவன் அப்பாதான். நாலு பக்கக் கடிதத்தில் அவரைப் பற்றி ஃபீஸ் கட்டுகிறார் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபீஸ் லாயத்துக்குச் சேர வேண்டிய காசு. பிள்ளைக்குச் சேர வேண்டியது வேறு. வேலி ஓரமாக ஒரு மணி நேரம் நின்று, அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது போனாரா?

போனால் அவன் அங்கே என்ன செய்கிறான் என்று தெரியும். குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் பார்வை கிடையாது. அதனால் பக்கவாட்டில், தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஏறுவதற்கு முன் நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பின் அடியில் கல், சேறு சிக்கியிருக்கிறதா என்று பார்த்துச் சுரண்ட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாமல் வயிறு வலித்தால் உயிருக்கே ஆபத்து. அது தரையைக் காலால் பறிப்பதையும் திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பதையும் வைத்து ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவையும் 15 வயதில் ஒரு பிள்ளை பழகியிருக்கிறான். வீட்டில் கூப்பிட்டால் காதிலேயே வாங்காத வயது அது. வாய் பேசாத ஒரு ஜீவனின் வலியைக் கவனிக்கத் தெரிந்த பையனை நான் எந்த வீட்டிலும் தைரியமாக விட்டுவிட்டு வருவேன். அவன் பெரியவனாகி உங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளும்போது இதன் அருமை தெரியும்.

நாலு பேர் கேட்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். யார் அந்த நாலு பேர்? காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் ரேக்ளாவில் ரோட்டின் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்று குதிரை வண்டிக்கு விசில் அடிக்கிறவர்கள்தானே? நீங்கள் பஸ்ஸில் கும்பகோணம் போகிற வழியில்தான் தாராசுரம். அங்கே இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயிலில் கல் மண்டபத்தைத் தேராக்கி, குதிரை பூட்டி வைத்திருக்கிறான். எண்ணூறு வருடத்துக்கு மேலாக அந்தக் குதிரைகள் இழுத்துக்கொண்டே நிற்கின்றன. ஊர் எல்லையில் அய்யனாருக்குக் குதிரை செய்து வைத்துக் கும்பிடுகிறோம். சாமி ஏறினால் கையெடுக்கிற குதிரையில் பிள்ளை ஏறினால் மட்டும் துணியை ஒளிக்க வேண்டுமா?

தலைமையாசிரியரிடம் போகவா என்று கேட்டிருக்கிறீர்கள். நாக்கைச் சொடுக்குவதற்கு வேண்டாம். அவன் வயதுப் பையன்கள் ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் செய்வார்கள். நீங்கள் போய்ப் புகார் சொன்னால் அது இரண்டு மடங்காகும். ஆனால் கை வைத்தால், பையைப் பிடுங்கினால், வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அன்றைக்கே போங்கள். நீங்கள் மட்டும் போகாதீர்கள், அவன் அப்பாவும் வர வேண்டும்.

அப்புறம், நிறுத்துவது. குதிரை ஓட்டுவது பிடிக்காமல் போனால் நிறுத்தட்டும். பரீட்சை முடியும் வரை வாரம் ஒரு நாள் போதும் என்றாலும் சரி. பஸ்ஸில் ஆறு பேர் சத்தம் போட்டார்கள் என்பதற்காக நிறுத்த விடாதீர்கள். அப்படியும் நிறுத்தியே தீருவேன் என்றால், லாயத்துக்கு நேரில் போய், பயிற்சியாளரிடம் சொல்லி, அந்தச் செவலையைக் கடைசியாக ஒரு தடவை தேய்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு வரட்டும். ஃபோனில் சொல்லி முடிக்கக் கூடாது. இரண்டு வருடம் முதுகில் சுமந்த உயிருக்கு அவன் செய்ய வேண்டிய கடமை அது. போய் நின்றானென்றால் நிறுத்த மாட்டான் என்பது என் எண்ணம்.

வருகிற சனிக்கிழமை அவனை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் உடுப்பை, அந்த முழங்கால் வரைக்கும் வருகிற காலுறை உட்பட, வாசல் கொடியில் போடுங்கள். எதிர் வீட்டில் கேட்டால், ‘என் பையன் குதிரை ஓட்டுறான்’ என்று சொல்லுங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேலி செய்கிற ஆறு பையன்களின் பெயரையும், அவரவர் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செவலைக் குதிரையின் பெயர் கடிதத்தில் எங்கேயும் இல்லை. துணியை மடித்து வைக்கும்போது அவனிடம் கேளுங்கள்.