பனாமா கொடிக் கப்பலை நம் அதிகாரிகள் நிறுத்த முடியுமா?

குன்னூரில் இருந்து தேயிலை ஏற்றுமதி செய்யும் நண்பர் கேட்டிருக்கிறார்: கொச்சியில் சரக்கு ஏற்ற வரும் பனாமா கொடிக் கப்பலை, அதாவது பனாமா நாட்டில் பதிவான கப்பலை, நம்மவர்கள் எப்படி நிறுத்தலாம்?

தாராளமாக நிறுத்தலாம். பிளாஸ்டிக் தடை உள்ள நீலகிரிக்குள் நுழையும்போது பர்லியாறு செக்போஸ்டில் கேரள வண்டியிலிருந்தும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குகிறார்களே, அதே கதைதான். நம் துறைமுகத்துக்குள் வந்துவிட்டால், எந்த நாட்டுக் கொடியானாலும் சோதிக்கும் உரிமை நமக்கு உண்டு.

மத்திய அரசின் கப்பல் துறை சர்வேயர்கள் ஏறி, முதலில் சான்றிதழ்களைப் பார்ப்பார்கள். சந்தேகம் தட்டினால் அப்புறம் லேசில் விடமாட்டார்கள். உயிர்காப்புப் படகை இறக்கிக் காட்டு, தீயணைப்பு பம்பை ஓட்டு என்பார்கள். எஞ்சின் அறையில் எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் கருவி உண்டு. கடலில் விடும் நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டக் கூடாது. கருவியை ஏமாற்றிக் கள்ளக்குழாய் போட்டார்களா என்று குழாய் இணைப்பின் போல்ட்டில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா எனக்கூட டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். மாலுமிகளின் ஓய்வு நேரப் பதிவேடும் தப்பாது.

பெரிய குறை என்றால், சரிசெய்யும் வரை கப்பல் நகராது. இப்படிப்பட்ட துறைமுகச் சோதனைக்காக இந்தியப் பெருங்கடல் நாடுகள் செய்துகொண்ட 1998 உடன்பாட்டின்படி விவரம் மற்ற நாடுகளுக்கும் போய்விடும். அதன் செயலகம் கோவாவில்தான் இருக்கிறது.