மன்னிப்பு கேட்டாலும் மன்னிக்கப்பட்ட மாதிரி தெரியேல்ல, திருவிருந்து எடுக்கவும் பயமா இருக்கு. என்ன செய்யுறது?

கேள்வி கேட்டவர் எழுதினது சுருக்கமா இதுதான். ஞானஸ்நானம் எடுக்க முதல் கூட்டாளி ஒருத்தர்ட காசை ஏமாத்தியிருக்கிறார், இப்ப ஒவ்வொரு ராவும் அதுக்கு மன்னிப்பு கேக்கிறார், ஆனா தேவன் மன்னிச்சிட்டார் எண்டு மனசுக்கு படேல்ல, அதால திருவிருந்து, அதாவது இயேசுவ நினைச்சு அப்பமும் ரசமும் எடுக்கிறது, இருக்கிற ஞாயிறுகளில சேர்ச்சுக்கே போறேல்லயாம்.

நான் வெள்ளவத்தையில தமிழ் சபை ஒண்டில சின்னதில இருந்து போறவள், உங்கள மாதிரி மனசுக்குள்ள வச்சு நொந்துபோற ஆக்கள கனக்க பாத்திருக்கிறன், அதால தான் எழுதுறன்.

முதல்ல ஒண்டு கேக்கிறன். நீங்க ஒவ்வொரு ராவும் கேக்கிறது மன்னிப்பு தானா? ஏனெண்டா எங்கள்ல கனபேர் மன்னிப்பு எண்டு சொல்லிக்கொண்டு தேவன்ட்ட தவணை தான் கேக்கிறம். மத்தேயு 18இல இயேசு சொன்ன கதையில வாற, ராசாவுக்கு பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன எடுத்து பாருங்க. ஒரு தாலந்து எண்டா கிட்டத்தட்ட 6000 நாள் கூலி, அப்ப மொத்தம் 6 கோடி நாள் கூலி, ஒரு லீவும் எடுக்காம வேலை செஞ்சாலும் ஒண்டரை லட்சம் வருசத்துக்கு மேல போகும். அந்த மனுசன் ராசாட கால்ல விழுந்து என்ன சொல்லுறான்? "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." டைம் தாங்க, கட்டுறன் எண்டுறான். கடனை விடச்சொல்லி அவன் வாய் திறந்து கேக்கவே இல்ல. ராசா தான் மனமிரங்கி முழுக்கடனையும் மன்னிச்சு விடுறார். வெளிய வந்த உடன தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவன்ட கழுத்தை பிடிக்கிறான். அவன்ட மனசில அந்த கடன் இன்னும் அப்பிடியே தான் கிடக்கு எண்டு தான் எனக்கு விளங்குது, கட்டவேணும், சேக்கவேணும், ஆரிட்டயாவது வசூலிக்கவேணும் எண்ட அவசரம்.

லூக்கா 15இல அப்பாட சொத்தில தன்ட பங்கை வாங்கி அழிச்சிட்டு திரும்பி வாற இளைய மகனும் அப்பிடித்தான். பன்றி மேய்ச்ச இடத்தில இருந்து அப்பாட்ட சொல்லுறதுக்கு வசனம் பாடமாக்கிக்கொண்டு வாறான், கடைசி வரி "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்". வீட்டுக்கு கிட்ட வந்து சொல்லத்தொடங்கினா அந்த கடைசி வரிக்கு அப்பா இடமே குடுக்கேல்ல, 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் பக்கத்தில வச்சு வாசிச்சு பாருங்க. பாவம் செஞ்சன் எண்டு சொன்னத கேட்டார், கூலிக்கு நிக்கிறன் எண்டு சொல்ல முதல் உடுப்பு கொண்டுவாங்கோ, மோதிரம் போடுங்கோ எண்டு சொல்லிட்டார்.

எங்கட மாமி ஒராள். ஊர் வீட்டு பிரச்சினையில தன்ட தம்பியோட கதைக்காமலே இருந்து, அவர் கனடாவில செத்தும்போனார். அதுக்குப் பிறகு மாமி சேர்ச்சில செய்யாத வேலை இல்ல, சனிக்கிழமை பூ வைக்கிறது, பித்தளை மினுக்கிறது, ஆரும் சுகமில்லை எண்டா சோறு கறி கட்டிக்கொண்டு போறது, காய்ச்சல் எண்டாலும் வந்து நிப்பா. ஆனா திருவிருந்து எண்டா கடைசி வாங்கில பேக்கை மடியில வச்சுக்கொண்டு அசையாம இருப்பா. ஒரு நாள் பாஸ்டர் வீட்ட வந்து "அன்ரி, இதை ஒருக்கா சத்தமா வாசிங்கோ" எண்டு நான் மேல சொன்ன மத்தேயு 18 பகுதியை தான் குடுத்தார். மாமி ரெண்டு தரம் வாசிச்சிட்டு, "இவன் மன்னிக்க சொல்லி கேக்கவே இல்லையே பாஸ்டர்" எண்டா. அவர் ஒண்டும் விளங்கப்படுத்தேல்ல. அடுத்த திருவிருந்துக்கு முழங்கால் நோவோட அம்மாட கையை பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு போய் முழந்தாள் போட்டா, குடிச்ச சின்ன கிளாசை தட்டில வைக்க மறந்து கையிலயே கொண்டு வந்திட்டா, பிறகு ஒரு தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். அண்டைக்கு பின்னேரம் செத்துப்போன தன்ட தம்பிட மனுசிக்கு கோல் எடுத்து கதைச்சா. பூ வைக்கிறத இப்பவும் விடேல்ல, ஆனா ஏலாத கிழமை பேசாம வீட்ட இருக்கிறா.

திருவிருந்து பயத்துக்கு வாறன். அபாத்திரமாய், அதாவது தகாத விதமா, புசிச்சா ஆக்கினைத்தீர்ப்பு எண்டு 1 கொரிந்தியர் 11ஐ காட்டி தான் உங்கள ஆரோ பயப்படுத்தியிருக்கவேணும். அதே அதிகாரம் 21, 22ஐ வாசிங்க, அந்த கடிதத்தை எழுதின பவுல் கோவிச்சது, சபை கூடி சாப்பிடேக்க இருக்கிறவன் முதல்ல திண்டு குடிச்சு முடிக்க இல்லாதவன் பசியோட இருந்ததுக்கு. 28ஆம் வசனமும் தன்னைத்தானே சோதிச்சு பாத்து புசிக்கக்கடவன் எண்டு தான் சொல்லுது, சோதிச்சிட்டு வீட்ட இரு எண்டு சொல்லேல்ல. நான் அசுத்தம் எண்டு அழுதுகொண்டு வாற ஆளுக்கு தான் அந்த மேசை.

இன்னொண்டு, மன்னிப்பை ஏத்துக்கொண்டா செஞ்சது சின்ன விசயம் ஆகிடும் எண்டு பயப்படாதீங்க. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில கொச்சிக்கடை அந்தோனியார் கோவில்லயும் எங்கட சனம் செத்தத கொழும்பில ஆரும் மறக்கேல்ல. அடுத்த வருச ஈஸ்டருக்கு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தாக்கினவங்கள மன்னிச்சிட்டம் எண்டு சொன்னார், அதுக்குப் பிறகும் நீதி கேக்கிறத அவர் நிப்பாட்டேல்ல. மன்னிக்கிறவருக்கு தான் பாவத்திட பாரம் தெரியும், தேவனுக்கு அது சிலுவை வரைக்கும் போன பாரம்.

கூட்டாளிட காசு எண்டா அதை திருப்பி குடுக்கத்தான் வேணும். ஆக்கள்ட்ட அநியாயமா வாங்கின வரிக்காரன் சகேயு நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா, திருப்பி தாறன் எண்டு சொன்னது இயேசு அவன்ட வீட்டுக்கு வந்த பிறகு, வாறதுக்கு கட்டின கட்டணம் இல்ல அது. முழுசா ஏலாட்டி மாசம் மாசம் குடுங்க, மனுசர்ட்ட தவணை கேக்கிறதில பிழையே இல்ல. அவர் கோவத்தில ஏசலாம், முகத்தை திருப்பலாம், அது அவருக்குள்ள உரிமை, அதை வச்சு தேவன் மன்னிக்கேல்ல எண்டு முடிவெடுக்காதீங்க. மனசுக்கு படுறது மெதுவா தான் வரும், எனக்கு தெரிஞ்ச சிலருக்கு வருசக்கணக்கா போயிருக்கு, பாவத்தை அறிக்கை செஞ்சா தேவன் மன்னிப்பார் எண்டு சொல்லுற 1 யோவான் 1:9 உங்கட மனசு எப்பிடி இருக்குது எண்டு பாத்து மாறுற வசனம் இல்ல.

இண்டைக்கு ராவு ஜெபம் பண்ணேக்க அந்த பாவத்தை பேர் சொல்லி ஒருக்கா அறிக்கை செய்யுங்க, நாளைக்கு ராவு அதையே திரும்ப தொடங்காம நன்றி மட்டும் சொல்லி பாருங்க. உங்கட பாஸ்டர்ட்டயோ நம்பிக்கையான ஒராள்ட்டயோ விசயத்த சொல்லிவையுங்க, கூட்டாளிட்ட போகேக்க அவர் கூட வரலாம். கத்தோலிக்கர் எண்டா பாதர்ட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு போங்க. வாற திருவிருந்து ஞாயிறு கட்டாயம் சேர்ச்சுக்கு போங்க, முன்னுக்கு போக கால் வராட்டி பக்கத்தில இருக்கிற ஆள கூப்பிடுங்க, கூட்டிக்கொண்டு போவினம்.