கிராஃப்பின் அடியில் 1900 என்று வந்தால் எங்கே பார்ப்பது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட ஆபிஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். மாதாமாதம் மில்லுக்குப் போன குலை எடையையும் மழை அளவையும் எக்செல்லில் ஒரே கிராஃப்பாகப் போட்டு மானேஜருக்குக் கொடுக்க வேண்டும். கீழே மாதங்கள் சில ஒரு மாதிரியும் சில வேறு மாதிரியும் நிற்கின்றன. அச்சை 'டேட் ஆக்சிஸ்' என்று மாற்றினால் எல்லா இடத்திலும் 1900 ஜனவரி வருகிறது. மழைக்கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: கிராஃப்பை அப்படியே விட்டுவிட்டு, முதலில் மாதம் அடித்திருக்கும் நெடுவரிசையைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உங்கள் விவரத்தைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது, மாதப் பெயர்களை மலாயில் அடித்திருப்பீர்கள் என்று. நம் தோட்ட ஆபிஸ்களில் அதுதான் வழக்கம்.

கணினியின் வட்டார அமைப்பு (ரீஜியன் செட்டிங்) ஆங்கிலத்தில் இருந்தால், 'ஜன 2024', 'பெப் 2024' என்று ஆங்கில எழுத்தில் அடிப்பதை எக்செல் தேதியாக எடுத்துக்கொள்ளும். அடுத்து மார்ச்சுக்கு மலாயில் 'மாச் 2024' அடிக்கிறீர்கள். அதற்கு அது ஒரு மாதம் என்றே தெரியாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். மெய் (மே), ஜூலாய் (ஜூலை), ஓகோஸ் (ஆகஸ்ட்) எல்லாம் அப்படித்தான். அக்டோபரையும் டிசம்பரையும் மலாய் எழுத்துக்கூட்டில் அடித்தாலும் அதே கதை. ஏப்ரல், செப்டம்பர், நவம்பருக்கு இரண்டு மொழியிலும் ஒரே எழுத்து என்பதால் அவை தப்பித்துவிடும். ஆக ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து.

கண்டுபிடிப்பது சுலபம். தேதியாக ஏற்றுக்கொண்டது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும். நடுவில் நிற்கும்படி அமைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமா? நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து 'ஜெனரல்' வடிவத்துக்கு மாற்றுங்கள். 2024 ஜனவரி 1 என்பது 45292 என்ற எண்ணாகிவிடும். 'ஓகோஸ் 2024' அசையாமல் அப்படியே இருக்கும். பார்த்து முடித்ததும் கன்ட்ரோல் இசட் அழுத்திப் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

அந்த எண்தான் 1900க்கும் காரணம். எக்செல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வரும் நாள்கணக்கு. எழுத்து கலந்த நெடுவரிசையைத் தேதி அச்சாக்கச் சொன்னால் அதற்கு எண் கிடைக்காது. அதனால் வரிசை எண்ணான 1, 2, 3 என்பதையே நாளாக வைத்துக்கொள்கிறது. அது உங்கள் கண்ணுக்கு 1900 ஜனவரியாகத் தெரிகிறது.

திருத்த, அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு கன்ட்ரோல் எச் அழுத்தி, மலாய்ப் பெயருக்குப் பதில் ஆங்கிலச் சுருக்கத்தை மாற்றிப் போடுங்கள். மாற்றியவுடன் எக்செல் அதை மறுபடி படித்துத் தேதியாக்கிவிடும். கட்டம் 'டெக்ஸ்ட்' வடிவத்தில் இருந்தால் மட்டும் ஆகாது, முன்கூட்டியே 'ஜெனரல்' ஆக்கிவிடுங்கள். மானேஜருக்கு மலாய்ப் பெயர்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: ஃபார்மெட் செல்ஸில் தேதிப் பகுதிக்குப் போய் வட்டாரத்தை மலாய் மலேசியா என்று தேர்ந்தெடுங்கள். உள்ளே தேதி, வெளியே மலாய்.

இனிமேல் அடிக்கும்போது 2024-3-1 என்று வருடத்தை முன்னால் வையுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி மாதத்தை முதலில் படிக்கிறது. மில் சீட்டைப் பார்த்து 5/1/2024 என்று அடித்தால் ஜனவரி 5 சத்தமில்லாமல் மே 1 ஆகிவிடும். 13/1/2024 அடித்தால் எழுத்தாக நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். முதல் வகைத் தப்பைக் கண்ணால் பிடிக்க முடியாது, அதுதான் ஆபத்து. அமைப்பை ஆங்கிலம் மலேசியா என்று மாற்றுவது நல்லதுதான், ஆனால் முன்பே தப்பாகப் பதிந்த தேதிகளை அது திருத்தாது. சீட்டை வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் மழைக்கோடு. எடை கிலோவில் லட்சக்கணக்கில், மழை மில்லிமீட்டரில் நூற்றுக்கணக்கில். ஒரே அளவுகோலில் மழை தெரியாது. மழைக்கோட்டின் மேல் வலது கிளிக் செய்து, ஃபார்மெட் டேட்டா சீரிஸில் 'செகண்டரி ஆக்சிஸ்' கொடுங்கள், வலப்பக்கம் தனி அளவு வந்துவிடும். அதற்குப் பிறகும் கோடு பூஜ்யத்திலேயே கிடந்தால், கட்டத்துக்குள் '180 மிமீ' என்று அலகையும் சேர்த்து அடித்திருப்பீர்கள். அதுவும் எழுத்துதான். அலகைத் தலைப்பில் போட்டுவிட்டு எண்ணை மட்டும் விடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், மழையையும் எடையையும் மேலும் கீழுமாக இரண்டு கிராஃப்பாகவே போடுங்கள். இரண்டு அளவுகோல் இருக்கும்போது மழைக்கோடும் எடைக் கம்பமும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பது அளவை எப்படி வைத்தோம் என்பதைப் பொறுத்தது, அதற்கு அர்த்தமே இல்லை. பார்ப்பவர் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார். செம்பனையில் இது இன்னும் மோசம். அடைமழையில் பாதை வழுக்கி அந்த மாதமே அறுவடை தடைப்படலாம், ஆனால் வறட்சி குலை எண்ணிக்கையைக் குறைப்பது தெரியப் பல மாதங்கள், சில சமயம் வருடத்துக்கு மேலும் ஆகும். ஒரே மாதத்து மழையையும் எடையையும் ஒரே கிராஃப்பில் சேர்த்துக் காட்டினால் மானேஜர் தப்பான முடிவுக்கு வரலாம்.

தினசரி எடையைப் போடும்போது கோடு மாதத்துக்கு ஒரு செங்குத்துக் குச்சியாக நின்றால், ஆக்சிஸ் ஆப்ஷன்ஸில் அடிப்படை அலகு 'மன்த்ஸ்' என்று இருக்கிறது. 'டேஸ்' ஆக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இடைவெளிகள் பிடிக்கவில்லை என்றால் 'டெக்ஸ்ட் ஆக்சிஸ்' போடலாம், நாட்கள் நெருங்கி நிற்கும். பெருவிளைச்சல் மாதத்தில் கம்பத்தின் தலை வெட்டுப்பட்டால், முன்பு யாரோ அந்த ஃபைலில் 'மேக்சிமம்' கட்டத்தில் ஓர் எண்ணைக் கையால் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள 'ரீசெட்'டை அழுத்துங்கள், எக்செல் தானே அளவு பார்த்துக்கொள்ளும். 'மினிமம்' மட்டும் எடைக் கம்பங்களுக்கு எப்போதும் 0 ஆக இருக்கட்டும்.