கனடாவுக்குச் சரி, தக்கலைக்கு?

கேள்வி: கனடாவில் வீடு கட்டும் மகள், வீட்டைச் சூடாக்க நிலத்தடி ஹீட் பம்ப் போடலாமா என்கிறாள். லாபமா? நம்மூருக்கும் ஆகுமா?
- வாசகர், தக்கலை

பதில்: அங்கே போடலாம், கையில் காசு இருந்தால். 10 மீட்டருக்குக் கீழே மண்ணின் வெப்பம் கோடையிலும் பனியிலும் அதிகம் மாறாது. அந்த வெப்பத்தைக் குழாய் வழியே இழுத்து வீட்டுக்குள் விடுவதுதான் நிலத்தடி ஹீட் பம்ப். அதனால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3, 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். காசைத் தின்பது குழாய் இறக்கும் போர்வெல்தான்: 1 கிலோவாட் வெப்பத்துக்குச் சுமார் 20 மீட்டர் ஆழம் வேண்டும். மிச்சம் பிடிக்க ஆழத்தைக் குறைத்தால், வருஷா வருஷம் மண் குளிர்ந்துபோகும். துணை ஹீட்டர் ஓயாமல் ஓடி கரண்ட் பில் எகிறும். போர்வெல்லில் குழாயைச் சுற்றி ஊற்றும் கலவை இடைவெளியில்லாமல் நிரம்பியதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மூரில் வீட்டுக்குச் சூடு எதற்கு? வெந்நீருக்கு என்றால் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் போதும். கீசர் இழுப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான். குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்புக்காற்று அதன் அலுமினியத் தகடுகளை அரிக்கும். அரிப்பு தடுக்கும் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.